ஒயின் பீப்பாயில் குளித்தவர்கள்: ஹாட் டப்பின் கதை



ஹாட் டப் என்று சொன்னவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நட்சத்திர ஓட்டல் விளம்பரம், ஆங்கிலப் படத்தில் வில்லன் சுருட்டோடு உட்கார்ந்திருக்கும் காட்சி, அப்புறம் 'ஜாக்குஸி' என்ற வார்த்தை. அவ்வளவுதானே? பணக்காரர்களின் பொம்மை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இதன் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், பணக்காரர்கள் அதில் ரொம்பத் தாமதமாகத்தான் வருகிறார்கள். முதலில் வருவது, மூட்டு வலியில் துடித்த ஒரு குழந்தையின் அப்பா. அடுத்து வருவது, கையில் காசில்லாமல் கலிஃபோர்னியாவின் ஒரு மலைச்சரிவில் மண்வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த ஒரு ஜாலியான கூட்டம்.

பி.காம் படிக்கிறவனுக்கு வெந்நீர்த் தொட்டியில் என்ன வேலை என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். வேலை இருக்கிறது! ஒரு பொருள் சந்தைக்கு வருவதைப் பற்றி நமக்கு நிறையச் சொல்லித்தருகிறார்கள். அந்தப் பொருளைப் பயன்படுத்தும் அறிவு யார் கையில் இருக்கிறது, விற்கும்போது அதுவும் சேர்ந்து கைமாறுகிறதா என்பதைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. அதற்கு இந்தத் தொட்டியை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இதை வாங்கியவர்கள் அறுபது வருடங்களாக ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெந்நீரில் உட்காரும் பழக்கம் மனிதனுக்குப் புதிதில்லை. ரோமானியர்கள் தரைக்கு அடியில் நெருப்பு மூட்டி, ஊரே குளிக்கும் கூடங்கள் கட்டினார்கள். ஜப்பானியர்களின் 'ஓஃபுரோ' தொட்டி இன்றும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரோமானியக் குளியல் கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். ஜப்பானில் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே தண்ணீரைப் பயன்படுத்துவதால் அந்த ஒழுங்கு. தொட்டி என்பது குளித்து முடித்த பின் ஊறுவதற்கான இடம்.

நாம் பேசப்போகும் ஹாட் டப் அப்படியில்லை. அதில் ஒரு தடவை நிரப்பிய தண்ணீர் இரண்டு மாதம், மூன்று மாதம் அப்படியே இருக்கும். அதுவும் எப்போதும் சூடாக. பல பேர் இறங்குவார்கள், ஏறுவார்கள். வடிகட்டியும் பம்பும் அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பாக மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் தண்ணீரை ஒரு சாதாரணக் குடும்பஸ்தன் தன் வீட்டுக் கொல்லையில் வைத்துப் பராமரிப்பது என்பது, எனக்குத் தெரிந்து, இந்தப் பொருளோடுதான் பரவலாக ஆரம்பித்தது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்பா கதைக்கு வருவோம்.

இத்தாலியின் வடகிழக்கில் ஃப்ரியூலி என்ற பகுதி. அங்கிருந்து 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது ஒரு பெரிய குடும்பம். ஏழு அண்ணன் தம்பிகள், ஆறு அக்கா தங்கைகள். ஊரில் இவர்கள் குடும்பப் பெயரின் உச்சரிப்பு 'யாகூட்ஸி' என்பது போல இருக்கும். அமெரிக்காவில் அது 'ஜாக்குஸி' ஆகிவிட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1915-இல் சகோதரர்கள் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? விமானத்தின் முன்னால் சுற்றும் விசிறி! முதல் உலகப் போர் நேரம், நல்ல வியாபாரம். அப்புறம் விமானமே செய்தார்கள். பயணிகள் உட்காரும் இடம் மூடிய விமானம் அது. 1921-இல் அந்த விமானம் விழுந்து நொறுங்கியது. சகோதரர்களில் ஒருவரான ஜியோகோண்டோ இறந்துபோனார். குடும்பம் விமானத் தொழிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தது.

அடுத்து இறங்கிய தொழில் தண்ணீர் பம்பு. சகோதரர்களில் ராக்கேலே என்பவர்தான் மூளை. ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் 'ஜெட் பம்பு' ஒன்றை 1926-இல் உருவாக்கினார். குறுகிய மூக்கு வழியாகத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து, பக்கத்திலிருக்கும் தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு போகும். இதுதான் தத்துவம். கலிஃபோர்னியா விவசாயிகள் வாங்கித் தள்ளினார்கள். இந்த 'மூக்கு' பின்னால் வரப்போகிறது, மறந்துவிடாதீர்கள்.

ஏழு பேரில் கடைக்குட்டி கான்டிடோ. அவருடைய மகன் கென்னத் 1941-இல் பிறந்தான். ஏறக்குறைய இரண்டு வயதில் தொண்டையில் ஒரு தொற்று, அதைத் தொடர்ந்து முடக்கு வாதம். கை கால் மூட்டெல்லாம் வீங்கி, அந்த வயதிலேயே நடமாட்டம் முடங்கியது. மருத்துவமனையில் சுழலும் வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து நீர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். அதில் இருக்கும் நேரம் மட்டும் பிள்ளைக்கு வலி குறைந்தது. ஆனால் தினமும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியுமா? கான்டிடோவுக்கு ஒரே யோசனை. நாம்தான் பம்பு செய்கிறவர்களாயிற்றே! வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கிற மாதிரி ஒரு சிறிய பம்பை 1940-களின் கடைசியில் செய்தார். தண்ணீரோடு காற்றையும் கலந்து மூக்கு வழியே பீய்ச்சியது அது. கிணற்றிலிருந்து வந்த தத்துவம், குழந்தையின் குளியல் தொட்டிக்கு வந்துவிட்டது.

1950-களின் நடுவில் அது 'ஜே-300' என்ற பெயரில் கடைக்கு வந்தது. முதலில் நோயாளிகளுக்கான கருவியாகத்தான் விற்றார்கள். அப்போது அமெரிக்காவில் 'குயீன் ஃபார் எ டே' என்று ஒரு டி.வி. நிகழ்ச்சி. பெண்கள் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அழுவார்கள், யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவருக்குப் பரிசு. (நம் சேனல்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது!) அந்தப் பரிசுப் பொருட்களில் இந்தப் பம்பும் ஒன்று. ஒரு மருத்துவக் கருவி இப்படித்தான் இல்லத்தரசிகளின் ஆசைப் பட்டியலுக்குள் நுழைந்தது. மார்க்கெட்டிங் பாடத்தில் இதை வைக்கலாம்.

கென்னத் 2017 வரை வாழ்ந்தார். வாழ்நாள் முழுக்க அந்த நோய் போகவில்லை. அப்பாவின் கண்டுபிடிப்பைப் பற்றி 2005-இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

இதுவரை நாம் பார்த்தது பாதிக் கதைதான். ஜே-300 என்பது பம்பு மட்டுமே, தொட்டி அல்ல. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து அரட்டை அடிக்கிற அந்தத் தொட்டி வேறு ஒரு வழியாக வந்தது. அதற்குப் பெர்க்லியிலிருந்து தெற்கே, பசிபிக் கடலோரத்தில் இருக்கும் சான்டா பார்பரா நகருக்குப் போக வேண்டும்.

நகருக்குப் பின்னால் மலை. மலைச்சரிவில் 'மவுன்டன் டிரைவ்' என்று ஒரு சாலை. காட்டுத்தீயில் கருகிப்போன நிலத்தை 1940-களில் பாபி ஹைட் என்ற எழுத்தாளர் மலிவாக வாங்கி, நண்பர்களுக்கும் போரில் இருந்து திரும்பியவர்களுக்கும் துண்டு துண்டாகக் கொடுத்தார். குயவர்கள், ஓவியர்கள், தச்சர்கள், எந்த வேலையும் சரியாக அமையாதவர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. தாங்களே மண் செங்கல் அறுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். ஹிப்பிகள் என்ற வார்த்தை பிரபலமாவதற்கு முன்பே ஹிப்பிகளாக இருந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் திராட்சையைக் காலால் மிதித்து ஒயின் செய்யும் விழா நடத்துவார்கள். ஒயின் செய்கிறவர்கள் வீட்டில் என்ன இருக்கும்? பெரிய மரத் தொட்டி!

மலைக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் பிக் காலியென்டே என்ற இயற்கை வெந்நீர் ஊற்று இருக்கிறது. கரடுமுரடான பாதை, வெகு தூரம். போய்வந்தவர்களுக்கு அந்தச் சுகம் விடவில்லை. ஜப்பானுக்குப் போய் ஓஃபுரோவில் ஊறிவிட்டு வந்த சிலரும் கலிஃபோர்னியாவில் அப்போது இருந்தார்கள். ஊற்றும் ஓஃபுரோவும் ஒயின் பீப்பாயும் 1960-களில் ஒன்றாகச் சேர்ந்தன. பழைய ரெட்வுட் மரத் தொட்டியை முற்றத்தில் நிறுத்தி, நீச்சல் குளத்துக்கான ஹீட்டரை இணைத்து, வெந்நீர் நிரப்பி, அதில் இறங்கி உட்கார்ந்து நட்சத்திரம் பார்த்தார்கள். எந்தக் கம்பெனியும் விற்கவில்லை, எந்த விளம்பரமும் இல்லை. ஒருவர் வீட்டில் பார்த்து அடுத்தவர் செய்தார்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வருகிறார். பெயர் நோயல் யங். சான்டா பார்பராவில் அச்சகம் நடத்தி, 1969-இல் 'காப்ரா பிரஸ்' என்ற சின்னப் பதிப்பகத்தை ஆரம்பித்தவர். ஹென்றி மில்லர், ரேமண்ட் கார்வர் போன்ற பெரிய எழுத்தாளர்களின் புத்தகங்களைப் போட்ட பதிப்பகம் அது. இலக்கியம் சோறு போடாது என்பது எல்லா ஊருக்கும் பொது. 1973-இல் அவர் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் பெயர் 'ஹாட் டப்ஸ்'. எப்படிக் கட்டுவது, எப்படிப் பராமரிப்பது, எப்படி அனுபவிப்பது என்று சொல்லும் கையேடு. எழுதியவர் பெயர் 'லியோன் எல்டர்'.

யார் இந்த லியோன் எல்டர்? ஆங்கிலத்தில் நோயல் என்பதன் நான்கு எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் லியோன். 'யங்' என்றால் இளையவர், 'எல்டர்' என்றால் மூத்தவர். ஆக, பதிப்பாளரே தன் பெயரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு எழுதிய புத்தகம்! சின்ன வயதில் நாமெல்லாம் நோட்டுக்குப் பின்னால் பெயரைத் திருப்பி எழுதி விளையாடுவோமே, அதே குறும்பு.

இந்தப் புத்தகத்தை நான் ஒரு வரலாற்று ஆவணமாகவே பார்க்கிறேன். தொட்டி வைத்திருப்பவன் ஒருவன், தொட்டி வைக்க ஆசைப்படும் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். இதுதான் அதன் தொனி. அன்றைக்கு இதைக் கற்றுக்கொள்ள வேறு வழியும் இல்லை. குழாய் வேலை செய்பவருக்கு நீச்சல் குளம் தெரியும், பீப்பாய் தெரியாது. பீப்பாய் செய்பவருக்கு ஒயின் தெரியும், குளிக்கிறவர்களைத் தெரியாது.

மரத் தொட்டி ஒரு விசித்திரமான பொருள். அதில் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. நீளமான பலகைகளை வட்டமாக நிறுத்தி, வெளியே இரும்பு வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள். தண்ணீர் ஊற்றிய முதல் நாள் எல்லா இடுக்கிலும் ஒழுகும். புதிதாக வாங்கியவன் பதறிப்போவான். பழைய ஆள் சிரித்துக்கொண்டே, "விடு, சில நாள் பொறு" என்பான். மரம் தண்ணீரைக் குடித்து உப்ப உப்ப, இடுக்கு தானாக அடைபடும். அதன் பிறகு தொட்டியைக் காயவே விடக்கூடாது. காய்ந்தால் பலகை சுருங்கி மறுபடியும் ஒழுகும். புது ரெட்வுட்டிலிருந்து சாயம் இறங்கித் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும், அதை வடித்துவிட்டுத் திரும்ப நிரப்ப வேண்டும். எடை இன்னொரு பிரச்சினை. ஐந்தடி விட்டமும் நான்கடி ஆழமும் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 2,200 லிட்டர் பிடிக்கும். அதாவது தண்ணீர் மட்டுமே இரண்டு டன்னுக்கு மேல். அதை மாடி முற்றத்துப் பலகைமேல் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட எஞ்சினீயர் தேவையில்லை.

இதையெல்லாம் ஒருவர் கெடுத்துக்கொண்டு கற்றார், அடுத்தவர் கேட்டுக்கொண்டு தப்பித்தார். அதனால் அந்தக் காலத்துத் தொட்டிக்காரர்களுக்குத் தங்கள் தொட்டியின் ஒவ்வொரு ஆணியும்... மன்னிக்கவும், ஆணியே கிடையாது அல்லவா, ஒவ்வொரு பலகையும் தெரிந்திருந்தது.

இனி, கம்பெனிகள் வருகிற கட்டம். ஜாக்குஸி குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் ராய் என்பவர், 1968-இல் பம்பையும் தொட்டியையும் ஒன்றாக்கினார். பீய்ச்சும் மூக்குகள் தொட்டியின் சுவரிலேயே பதிந்திருக்கும். 'ரோமன் பாத்' என்று பெயர். அடுத்து, பலபேர் உட்காரும் பெரிய தொட்டி, அதற்குள்ளேயே ஹீட்டர், வடிகட்டி. மரம் போய் ஃபைபர் கிளாஸ் வந்தது, பின்பு வழுவழுப்பான அக்ரிலிக் வந்தது. மரத்தில் நுண்துளைகள் உண்டு, அதில் கிருமி ஒட்டிக்கொள்ளும், குளோரின் போட்டால் மரம் பஞ்சாகும். அக்ரிலிக்கில் அந்தத் தொல்லை குறைவு. லாரியில் கொண்டுவந்து இறக்கி, மின்சாரம் கொடுத்து, தண்ணீர் பிடித்தால் முடிந்தது.

1979-இல் ஜாக்குஸி குடும்பம் தங்கள் நிறுவனத்தை வால்ட்டர் கிட்டி என்ற பெரிய நிறுவனத்துக்கு 7 கோடி டாலருக்கு விற்றது. பெயர் மட்டும் உலகம் முழுக்க நின்றுவிட்டது. யார் செய்த தொட்டியாக இருந்தாலும் மக்கள் வாயில் அது ஜாக்குஸிதான். நாம் எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ், எந்த வனஸ்பதியைப் பார்த்தாலும் டால்டா என்று சொல்வது மாதிரி.

சரி, வசதி வந்துவிட்டது. என்ன போயிற்று? கூட இருந்து சொல்லிக்கொடுக்கும் அந்தப் பழைய ஆள் போய்விட்டார். பெட்டியோடு ஒரு கையேடு வரும், அதை யார் படிக்கிறார்கள்? மருத்துவமனைத் தொட்டிக்கு ஒரு செவிலியர் இருந்தார், மலைச்சரிவுத் தொட்டிக்கு அதைக் கட்டியவனே இருந்தான். கடையில் வாங்கிய தொட்டிக்கு, முந்தின நாள் வரை பி.எச். என்றால் என்னவென்றே கேள்விப்படாத ஒரு குடும்பத் தலைவர்தான் பொறுப்பு. வெந்நீரை மாதக்கணக்கில் வைத்திருக்கும் பொருள் என்று முன்னால் சொன்னேனே, அதன் விலை இங்கே தெரிய ஆரம்பிக்கிறது.

1975-இலேயே மினசோட்டா மாநிலத்தில் ஒரு விடுதியின் சுழல் தொட்டியில் குளித்தவர்களுக்கு உடம்பெல்லாம் சிவந்த கொப்புளம் வந்தது பதிவாகியிருக்கிறது. காரணம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. இன்று அதற்கு 'ஹாட் டப் தடிப்பு' என்றே பெயர். அடுத்தது சூடு. ஆரம்பகாலத் தொட்டிக்காரர்களில் சிலர், எவ்வளவு சூடு தாங்குகிறோம் என்பதை வீரமாக நினைத்தார்கள். மதுவும் கையில் இருந்தால் கேட்க வேண்டாம். உடல் சூடு ஏறி மயங்கி இறந்தவர்கள் உண்டு. 1979-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், 104 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று எச்சரித்தது. 2002-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தொட்டியின் அடியில் தண்ணீரை இழுக்கும் துவாரத்தில் சிக்கி மூழ்கி இறந்தாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். அவளுடைய தாய் விடாமல் போராடி, அவள் பெயரிலேயே 2007-இல் சட்டம் வந்தது: விர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம். அதன் பிறகு அந்தத் துவாரத்துக்குப் பாதுகாப்பான மூடி கட்டாயமாயிற்று. அதுவரை பெரும்பாலான பெற்றோருக்கு அங்கே அப்படி ஒரு ஆபத்து இருப்பதே தெரியாது.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது நெதர்லாந்தில் நடந்தது. 1999 பிப்ரவரியில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி. பூக்களோடு வீட்டு உபயோகப் பொருட்களின் கண்காட்சியும் பக்கத்திலேயே. அங்கே விற்பனைக்காகச் சுழல் தொட்டிகளை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், போதிய கிருமிநாசினி இல்லை. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அதில் பெருகி, குமிழி உடையும்போது கிளம்பும் நுண்துளிகளில் ஏறிக் காற்றில் பரவியது. பூப் பார்க்க வந்தவர்கள் அதைச் சுவாசித்தார்கள். 30-க்கும் மேற்பட்டோர் நிமோனியாவில் இறந்தார்கள். நினைத்துப் பாருங்கள், அந்தத் தொட்டியில் அவர்கள் குளிக்கவில்லை, விரல் கூட வைக்கவில்லை. சும்மா அந்தப் பக்கமாக நடந்து போனார்கள், அவ்வளவுதான்! இருபது வருடம் கழித்து, 2019 செப்டம்பரில், அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு திருவிழாக் கண்காட்சியில் கிட்டத்தட்ட இதே கதை. அங்கேயும் காட்சிக்கு வைத்த ஹாட் டப்கள்தான். 130-க்கும் மேற்பட்டோருக்கு நோய், 4 பேர் மரணம். தொட்டியை விற்க நின்ற இடத்திலேயே அதைப் பராமரிக்கும் அறிவு இல்லை என்றால், வாங்கிப் போகிறவருக்கு அது எங்கிருந்து வரும்?

வேறு எங்கிருந்தும் வராததால்தான், தொட்டி வைத்திருப்பவர்கள் மறுபடியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நோயல் யங் 1973-இல் செய்த வேலையை இன்று ஆயிரக்கணக்கானவர்கள் செய்கிறார்கள். இதில் வெறும் அரட்டை மட்டும் இல்லை, நல்ல சரக்கும் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் வேதியியல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரண ஹாட் டப்பில் 1,500 லிட்டர் தண்ணீர் என்று வைப்போம். அதில் நான்கு பேர் உட்காருவது, 80,000 லிட்டர் நீச்சல் குளத்தில் 200 பேருக்கு மேல் இறங்குவதற்குச் சமம். நம்பிக்கை இல்லாவிட்டால் வகுத்துப் பாருங்கள்! அத்தனை வியர்வை, அத்தனை அழுக்கு. அதோடு சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹாட் டப்புக்குக் குறைந்தது 3 பி.பி.எம். குளோரினும், பி.எச். 7-க்கும் 7.8-க்கும் இடையிலும் இருக்க வேண்டும் என்கிறது. கடைக்காரர்கள் இதற்கு வழக்கமாகக் கொடுப்பது 'டைகுளோர்' என்ற தூள். போடச் சுலபம். ஆனால் அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. 10 பி.பி.எம். குளோரின் போட்டால் 9 பி.பி.எம். அளவுக்கு இந்த அமிலமும் சேரும். வெட்டவெளி நீச்சல் குளத்தில் வெயிலில் குளோரின் வீணாகாமல் காப்பதற்கு அது தேவை. மூடி போட்டு வைத்திருக்கும் ஹாட் டப்பில் வெயில் ஏது? குளோரின் வேலை செய்து தீர்ந்துவிடும், அமிலம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும், குளோரினின் கிருமி கொல்லும் வேகத்தையும் குறைத்துவிடும். தினம் 2 பி.பி.எம். வீதம் போட்டால் இரண்டே மாதத்தில் அமிலம் 100-ஐத் தாண்டும். பரிசோதனைப் பட்டையில் குளோரின் இருப்பதாகத்தான் காட்டும், ஆனால் கிருமி மெதுவாகத்தான் சாகும்.

இதற்குத் தொட்டிக்காரர்களிடையே பரவிய வழி என்ன தெரியுமா? முதல் சில நாட்கள் மட்டும் டைகுளோர். அமிலம் 30 பி.பி.எம். அளவுக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டு, மளிகைக் கடையில் துணி வெளுக்க விற்கும் வாசனை சேர்க்காத சாதா பிளீச். விலையும் குறைவு, அமிலமும் சேராது. இதைப் பேசிப் பேசிப் பரப்பியதில் பெரிய பங்கு பொழுதுபோக்காக வேதியியலை நோண்டிய ஆர்வலர்களுக்குத்தான். டைகுளோர் டப்பா விற்கிறவருக்கு இதைச் சொல்வதில் என்ன லாபம்? நோய்க் கட்டுப்பாட்டு மையமோ இன்னும் ஒரு படி மேலே போய், ஹாட் டப்பில் சயனூரிக் அமிலமே வேண்டாம் என்கிறது.

தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்கும் அவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. தொட்டியின் கொள்ளளவை அமெரிக்க கேலனில் எடுத்து, மூன்றால் வகுத்து, தினமும் குளிப்பவர்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுக்க வேண்டும். 400 கேலன் தொட்டி, இரண்டு பேர் என்றால் 67 நாள். மூடிக்கும் தனி ஆராய்ச்சி! உள்ளே இருக்கும் நுரைப்பலகை வருடக்கணக்கில் ஆவியைக் குடித்துக் குடித்து, ஒரு ஆள் தூக்க முடியாத கனத்துக்கு வந்துவிடும். அப்போது அது சூட்டையும் காக்காது, மாற்றிவிடு என்பார்கள். கனடா, மினசோட்டா ஆட்களின் கவலை வேறு. உறைபனியில் மின்சாரம் போய்விட்டால், குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிக் குழாய் வெடித்துவிடும். அதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் என்று கேட்டால், மைனஸ் இருபது டிகிரியில் தலையில் பனி விழ, கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். தொலைநோக்கி வாங்கியவர்கள், தொட்டியைச் சுற்றித் தோட்டம் போட்டவர்கள், பலகை அடித்துக் கூரை போட்டுத் தச்சு வேலையே கற்றுக்கொண்டவர்கள் என்று அதிலேயே பல ரகம். வலிக்காகவே வாங்கியவர்களும் நிறைய உண்டு, கென்னத் மாதிரி. அவர்கள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். எந்த இருக்கையில் முதுகுக்கு நேராகத் தண்ணீர் அடிக்கும், படியேற முடியாதவர் எப்படி இறங்குவது, இப்படி.

புதிதாகத் தொட்டி வந்து இறங்கியவருக்குப் பழைய ஆட்கள் சொல்லும் முதல் அறிவுரை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உடனே இறங்கிவிடாதே என்பார்கள். தொழிற்சாலையில் தண்ணீர் நிரப்பிச் சோதித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் குழாய்களுக்குள்ளேயே தங்கி, கிடங்கில் கிடக்கும் மாதங்களில் உள்சுவரில் பாசி மாதிரி ஒரு வழுவழுப்பான படலம் படிந்திருக்கலாம். கிருமிகளுக்கு அது சொந்த வீடு. அதனால் நிரப்பி, குழாய் சுத்தம் செய்யும் மருந்தை ஊற்றி, எல்லா ஜெட்டையும் ஓடவிட்டு, மேலே மிதந்து வருவதை உன் கண்ணால் பார், பிறகு எல்லாவற்றையும் வடித்துவிட்டு இரண்டாவது முறை நிரப்பு என்பார்கள்.